உஹதுத் தியாகிகளுக்கு மதீனா செய்த மரியாதை

போர்க்களத்தில் உயிர் நீத்த தம் மக்களை ஓர் ஊர் எங்ஙனம் சிறப்பித்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டின் (கி.பி. 625) மதீனா மாநகரை நோக்குவாராக. அவ்வாண்டு உஹது மலையடிவாரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 70 பேர் ஷஹீதாயினர். அவர்களுள் மிகப் பலர் மதீனத்து அன்சாரிகள்.

சிலர் தம் உறவினரின் உடல்களை ஊருக்குள் கொணர்ந்து அடக்க முற்பட்டனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, வீழ்ந்த இடத்திலேயே அடக்குமாறு பணித்தார்கள். குருதி தோய்ந்த உடையுடன், குளிப்பாட்டப்படாமலே ஷுஹதாக்கள் நல்லடக்கம் செய்யப்பெற்றனர். ஒரே கபுறில் இருவரை வைக்க நேர்ந்தபோது, குலமோ செல்வமோ கேட்கப்படவில்லை. குர்ஆனை மிகுதியாகக் கற்றவர் எவர் என்றே அண்ணலார் வினவி, அவரை முற்படுத்தினார்கள். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த முஸ்அப் (ரலி) அவர்களுக்குக் கஃபனாகக் கிடைத்தது ஒற்றைப் போர்வையே. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்த்தி, கால்களை இத்கிர் புல்லால் மறைத்தனர்.

மரியாதை கபுறடியோடு நின்றுவிடவில்லை. ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை அப்துல்லாஹ் (ரலி) கடனையும் பெண்மக்களையும் விட்டுச் சென்றிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் பெருமானாரே பேரீச்சங்குவியலருகே அமர்ந்து, கடன் கொடுத்தோர்க்கெல்லாம் அளந்து தீர்க்கச் செய்தார்கள்.

ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் குடும்பத்திற்கு நேர்ந்ததோ இன்னும் கொடிது. ஹிஜ்ரத்தின்போது வந்த முஹாஜிர் சகோதரருக்குத் தம் செல்வத்தில் சரிபாதி தர முன்வந்த வள்ளல் அவர். அவர் ஷஹீதானதும், சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் அன்றைய வழக்கப்படி கைப்பற்றிக்கொண்டார். கைம்பெண் தம் இரு பெண்மக்களுடன் வந்து முறையிட்டார். பொருளின்றி இவர்களுக்கு மணம் எங்ஙனம் நடக்கும் என வருந்தினார். அதன் பின்னர் அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. அண்ணலார் அச்சகோதரரை அழைத்து, பெண்மக்களுக்கு மூன்றில் இரு பங்கும் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதையே எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார்கள்.

தம் வாழ்நாளின் இறுதியிலும் அண்ணலார் உஹது சென்று அந்த ஷுஹதாக்களுக்காகத் துஆச் செய்தார்கள். இன்று ஹஜ்ஜுக்குச் செல்லும் நம்மவர் பலரும் அங்கே நின்று ஸலாம் உரைத்துக் கண்ணீர் உகுக்கின்றனர். கண்ணீர் நல்லதே. ஆயினும் ஊர் திரும்பியபின் உடன்பிறந்தாளின் பங்கை மறுப்பவர், ஸஅத் (ரலி) அவர்களின் மக்களுக்கு நீதி பிறந்த வரலாற்றை அறியாதவரே ஆவார். கபுறுக்கு ஸலாம் உரைத்த நா, பெண்மக்களின் பங்கையும் ஒப்புக்கொள்ளட்டும்.