ஆற்றுணா முதல் டப்பா வரை: கோவண்டித் தமிழரும் கட்டுச்சோற்று மரபும்

முன்னுரை

வீட்டை விட்டு வெளியிடம் செல்வோர் தம்முடன் கொண்டுசெல்லும் உணவினை ஆற்றுணா, தோட்கோப்பு, பொதிசோறு, கட்டுச்சோறு, கட்டமுது எனப் பல பெயர்களால் தமிழ் வழங்குகிறது. பெயர்களின் பன்மையே இவ்வழக்கத்தின் தொன்மைக்கும் பரப்புக்கும் சான்றாகும். மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூருக்கும் மான்கூர்துக்கும் இடையே அமைந்துள்ள கோவண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ் உழைப்பாளரின் வரலாற்றை இவ்வழக்கத்தின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியங்களில் வழியுணவு

அகநானூற்றில் மாமூலனார் பாடல் ஒன்று, புல்லியின் நாட்டுக் கோவலர் தம் காளையின் கழுத்தில் பூட்டிய மூங்கிற்குழாயில் இருந்த புளிச்சோற்றினை, வழிவந்த புதியோரின் பசி தீரத் தேக்கிலையில் பகிர்ந்தளித்ததைக் காட்டுகிறது. புல்லி வேங்கடத்துத் தலைவன். தமிழ் வழங்கும் எல்லை முடியும் இடத்தில் உணவு பகிரப்படுவது கருதத்தக்கது. நாலடியார் தோட்கோப்பினை அறத்திற்கு உவமையாக்குகிறது. கற்றவர்க்கு எல்லா நாடும் தம் நாடே ஆதலின் அவர்க்கு ஆற்றுணா வேண்டுவதில்லை என்கிறது பழமொழி நானூறு. பெரியபுராணத்தில் சுந்தரருக்குக் குருகாவூரிலும், திருநாவுக்கரசருக்குப் பைஞ்ஞீலியிலும் இறைவனே பொதிசோறு அளிக்கிறான்.

இவற்றுள் பழமொழியின் கூற்று ஒரு வினாவை எழுப்புகிறது. கல்வியாலோ செல்வத்தாலோ வரவேற்புப் பெறாதவர் அயல்நாடு செல்லும்போது அவருக்கு உணவளிப்பார் யார்? மும்பைக்குப் புலம்பெயர்ந்த உழைப்பாளரின் கட்டுச்சோறு இவ்வினாவிற்கு விடையாக அமைகிறது.

இருப்புப்பாதையும் கட்டுச்சோறும்

இந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. 1871இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. இதன்பின் தென்மாவட்டத்தார் பம்பாய் செல்வது எளிதாயிற்று. ஆயினும் திருநெல்வேலிப் பகுதியினர் மீட்டர்கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து, சென்ட்ரலில் வண்டி மாறிச் செல்லவேண்டியிருந்தது. இரண்டு இரவுகளுக்குக் குறையாத அப்பயணத்திற்குக் கெடாத உணவு தேவைப்பட்டது.

புளியின் புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடாது காத்தமையால் புளியோதரை முதலிடம் பெற்றது. விரைவில் ஊசிப்போகும் தேங்காய்ச் சட்னி தவிர்க்கப்பட்டு, இட்லியின் இருபுறமும் மிளகாய்ப்பொடி எண்ணெயில் குழைத்துத் தடவப்பட்டது. தயிர்ச்சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைக் குறைவாகவும் கலந்தனர். வழியில் அது தானே பதமாகப் புளித்தது. கிழியாதிருக்க வாழையிலையை அனலில் வாட்டிக் கட்டினர். பனையோலைப் பெட்டி காற்றோட்டம் தந்தது. சுரைக்குடுக்கை, மண்கூஜா, திருகுமூடியிட்ட பித்தளைக் கூஜா ஆகியன நீர் சுமந்தன. வேதியியலை ஏட்டில் கல்லாத பெண்டிர் பட்டறிவால் கண்ட உணவுக்காப்பு முறைகள் இவை எனலாம். மாமூலனார் பாடிய வேங்கடத்தின் அருகே, ரேணிகுண்டா வழியாகவே இவ்வண்டிகள் சென்றன என்பதும் நினையத்தக்கது.

கட்டுச்சோற்றின் இரு பொருள்

ரயில் நிலைய உணவகங்களில் சாதிப்பாகுபாடு நிலவிய காலம் அது. தென்னிந்திய ரயில்வேயின் உணவகங்களில் இருந்த பிராமணர், பிராமணர் அல்லாதார் என்னும் பிரிவினை சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்பினால் 1941இல் நீக்கப்பட்டது. இச்சூழலில் உயர்த்தப்பட்ட சாதியார்க்குக் கட்டுச்சோறு தீட்டினின்று காக்கும் கருவியாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ அது அவமதிப்பினின்று காக்கும் கருவியாயிற்று. ஒரே இலையில் கட்டிய சோறு சுமப்பவரின் நிலைக்கேற்ப இருவேறு பொருள் தந்தது.

கோவண்டியும் டப்பாவும்

மும்பைத் தமிழரின் குடியிருப்பு வரலாறு பெரும்பாலும் பெயர்ப்பின் வரலாறே ஆகும். மாட்டுங்காவில் படித்த நடுத்தர வகுப்பினர் நிலைபெற்றனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். அங்கு ரயில் நிலையத்தின் எதிரே 1942இல் ஏ. ராமா நாயக் தொடங்கிய உடுப்பி உணவகம் போன்றவை ஊர்ச்சுவையை வழங்கின. தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளராகத் திருநெல்வேலிப் பகுதியினர் பலர் குடியேறினர். கோவண்டிக்கு அடுத்த டிராம்பேப் பகுதியில், தமிழர் மிகுதியாக வாழ்ந்த ஜனதா காலனி 1976இல் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீதா கேம்ப் பகுதிக்கு மாற்றப்பட்டனர். அவ்வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற கோலார் தங்கவயல் தமிழர் ஜோக்கின் அற்புதம் 2000இல் மகசேசே விருது பெற்றார். கோவண்டியை ஒட்டிய தேவனார்க் குப்பைமேடு 1927 முதல் நகரின் கழிவைத் தாங்கி வந்துள்ளது. நகரம் வேண்டாதன என ஒதுக்கியவற்றின் அருகே உழைப்பாளரும் ஒதுக்கப்பட்டனர்.

இங்கிருந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோரின் உணவினை நகரின் புகழ்பெற்ற டப்பாவாலா அமைப்போடு ஒப்பிடலாம். 1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கிய அவ்வமைப்பு, வீட்டில் சமைத்த உணவை நண்பகலுக்குள் அலுவலகம் சேர்க்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்கு முன்பு ஏறத்தாழ 5,000 பேர் அதில் பணியாற்றினர். அதற்கு நிலையான பணியிடமும் மாதக் கட்டணமும் வேண்டும். நாளுக்கொரு கட்டடத்தில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இவ்விரண்டும் இல்லை. அவர்தம் தூக்குவாளியை அவரே சுமக்கவேண்டும். குழாய்நீர் வரும் நேரத்தைப் பொறுத்தே சமையல் அமைவதால், வீட்டுப் பெண்களின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. முதல்நாட் சோற்றில் ஊறிய நீராகாரமும் மோரும் செலவின்றிப் பசியும் வெப்பமும் தணிக்கின்றன.

தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் அவித்த இட்லி, மிதிவண்டிகளில் நகரெங்கும் விற்பனைக்குச் செல்கிறது. வழிக்கெனக் கட்டிய உணவு இங்கு வாழ்வுக்குரிய தொழிலாக மாறியுள்ளது. பண்டு புதியோர்க்குக் கோவலர் உணவளித்தனர். இங்கோ புதியோராய் வந்தவரே நகருக்கு உணவளிக்கின்றனர்.

முடிவுரை

கட்டுச்சோறு உணவுப்பொருள் மட்டுமன்று; பயணவழி, சாதிநிலை, பெண்ணின் உழைப்பு, குடியிருப்புரிமை ஆகியவற்றைப் பதிவு செய்யும் வரலாற்றுச் சான்றுமாகும். கல்வெட்டோ ஆவணமோ அமையாத உழைப்பாளர் வரலாற்றுக்கு இத்தகைய புழங்குபொருட் சான்றுகள் இன்றியமையாதன. ஓலைப்பெட்டியும் பித்தளைக் கூஜாவும் வழக்கொழிந்து வரும் இக்காலத்தில், அவற்றைச் சுமந்து வந்த தலைமுறையினரின் வாய்மொழியைத் தொகுப்பது தமிழாய்வின் உடனடிப் பணியாகும்.