இரு ஞாயிறுகளுக்கிடையே ஒரு கோள்: சென்னையில் எழுந்த கேள்வி

1855ஆம் ஆண்டு, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், இலண்டன் அரச வானியற் கழகத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கம் கணித்த பாதையிலிருந்து சற்றே பிறழ்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோள் அதற்குக் காரணமாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்பது அவர் வாதம். யுரேனசின் பிறழ்ச்சியைக் கொண்டு நெப்டியூன் கண்டறியப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே தருக்கத்தை ஜேக்கப் வேறொரு விண்மீனுக்குப் பொருத்தினார். ஞாயிற்றுக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் உண்டென்று அளவீட்டின் வழி முன்வைக்கப்பட்ட மிகத் தொடக்கக்காலக் கருத்துகளுள் இது ஒன்று.

அவர் கருதிய கோள் அங்கே இல்லை. எனவே புறக்கோள் ஆய்வின் வரலாறுகள் ஜேக்கப்பைப் பிழைகளின் பட்டியலில் ஒரு வரியாக எழுதிக் கடந்துவிடுகின்றன. இது போதாத மதிப்பீடு. ஒற்றை விண்மீனைச் சுற்றும் கோளுக்கு இல்லாத ஒரு நெருக்கடி இரட்டை விண்மீனின் கோளுக்கு உண்டு என்பதை வானியல் கற்றது இந்தப் பிழையின் தொடர்ச்சியில்தான்.

1890களில் அமெரிக்க வானியலாளர் தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் சீ அதே 70 ஒபியூக்கியை மீண்டும் கையிலெடுத்தார். ஜேக்கப்பின் நிதானம் அவரிடம் இல்லை. இரு விண்மீன்களுள் ஒன்றை 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இருண்ட பொருள் ஒன்று அங்கே இருப்பதாக அறுதியிட்டார். 1899இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் அதை மறுத்தார். அவர் தொலைநோக்கியை நாடவில்லை. சீ கூறிய எண்களையே எடுத்துக்கொண்டு, அத்தகைய மூவுடல் அமைப்பு நிலைத்திருக்க இயலாது என்று கணிதத்தால் காட்டினார்.

அந்த வாதத்தின் வலுவை இன்றைய அளவுகளைக் கொண்டு எளிதில் உணரலாம். 70 ஒபியூக்கியின் இரு விண்மீன்களும் 88 ஆண்டுகளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மிக நீண்ட நீள்வட்டப் பாதையாதலால் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 35 வானியல் அலகிலிருந்து 11 வரை குறைகிறது (ஞாயிற்றுக்கும் புவிக்கும் உள்ள சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு). 36 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட பொருள், கெப்ளர் விதிப்படி, தன் விண்மீனிலிருந்து சுமார் 10 அலகுத் தொலைவில் இருக்க வேண்டும். அதாவது, மற்ற விண்மீன் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதன் பாதைக்கே வந்து நிற்கும்! அங்கே எந்தக் கோளும் தங்காது. ஹோல்மன், வீகர்ட் ஆகியோர் 1999இல் கணினிக் கணக்கீடுகளால் வகுத்த வாய்பாட்டின்படி, இவ்வமைப்பில் ஒரு கோள் நெடுங்காலம் நிலைக்க அது தன் விண்மீனுக்குச் சுமார் 3 அலகுக்குள் இருந்தாக வேண்டும்.

ஞாயிறு தனித்த விண்மீன். முப்பது அலகுத் தொலைவில் நெப்டியூன் இடையூறின்றிச் சுற்றுகிறது. நெருங்கிய துணை ஒன்று இருந்திருந்தால் வியாழனுக்கும் சனிக்கும்கூட இடம் இருந்திராது. நிலைத்திருப்பது மட்டுமன்றி உருவாவதே அங்கே கடினம். கோள்கள் பிறக்கும் வாயு-தூசித் தட்டின் வெளிப்பகுதியைத் துணை விண்மீனின் ஈர்ப்பு அறுத்துவிடுகிறது. எஞ்சும் சிறு தட்டு விரைவில் கலைந்துவிடுகிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுமார் 47 அலகுக்கும் குறைவான இடைவெளி கொண்ட இணைகளில் கோள்கள் தனி விண்மீன்களில் உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கே எனக் கணக்கிட்டது. ஞாயிற்றை ஒத்த விண்மீன்களில் சற்றேறக்குறையப் பாதி துணையோடு வாழ்பவை என்பதை நினைத்தால் இந்தக் குறைவு சிறிதன்று.

ஆயினும் 'குறைவு' என்பது 'இல்லை' ஆகாது. காமா செபெய் என்னும் இரட்டை விண்மீனில், இரு விண்மீன்களுக்கும் இடையே சுமார் 20 அலகு இருக்க, 2 அலகுத் தொலைவில் ஒரு பெருங்கோள் சுற்றுகிறது. அதன் சுவடு 1988இல் தென்பட்டது, விண்மீனின் சொந்த மாற்றமாகவே இருக்கலாம் என்று 1992இல் ஐயுறப்பட்டது, 2003இல்தான் உறுதியானது.

துணை மிகத் தொலைவில் இருந்தால் கோள்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. பாதையின் வடிவம் மாறக்கூடும். 16 சிக்னி பி விண்மீனின் கோள், வட்டத்தினின்றும் வெகுவாக விலகிய பாதையில் சுற்றுவதற்கு அதன் தொலைதூரத் துணையின் மெல்லிய, இடைவிடாத ஈர்ப்பைக் காரணமாகக் கூறுவர்.

இரு விண்மீன்களையும் சேர்த்தே சுற்றும் கோள்கள் இன்னொரு வகை. இங்கே எல்லை தலைகீழாகிறது: கோள் மிக அருகில் வரக் கூடாது. 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16இன் விண்மீன்கள் 41 நாள்களில் ஒன்றையொன்று சுற்ற, கோள் 229 நாள்களில் இரண்டையும் சுற்றுகிறது. விண்மீன்களின் இடைவெளியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவில், நிலைப்பு எல்லையைச் சற்றே கடந்து அது நிற்கிறது. அதன்பின் கிடைத்தவற்றுள் பலவும் அவ்வாறே எல்லையோரம் நிற்பவை. தொலைவில் பிறந்து, உள்நோக்கி நகர்ந்து, தட்டின் உள்விளிம்பில் நின்றுவிட்டவை என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

சென்னைக்குத் தெற்கே, ஜேக்கப்புக்கு 166 ஆண்டுகள் முன்பு, மற்றோர் இரட்டை விண்மீன் அடையாளம் காணப்பட்டிருந்தது. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனைக் கண்காணித்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி இரண்டு விண்மீன்கள் என்பதைக் கண்டார். தற்செயலாக, அவற்றின் அமைப்பு 70 ஒபியூக்கியை உரித்துவைத்தாற்போன்றது: சுற்றுக்காலம் ஏறத்தாழ 80 ஆண்டுகள், இடைவெளி 11 முதல் 36 அலகு வரை. அங்கும் பிழைகள் நேர்ந்தன. 2012இல் ஆல்ஃபா சென்டாரி பி-யைச் சுற்றுவதாக அறிவிக்கப்பட்ட கோள், நோக்கீடுகளுக்கு இடையிலான கால இடைவெளிகள் தோற்றுவித்த மாயை என்று 2015இல் காட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நோக்கீடுகள், ஆல்ஃபா சென்டாரி ஏ-க்கு அருகே சனியை ஒத்த நிறையுடைய கோள் ஒன்று இருக்கலாம் எனக் குறித்தன. அது இன்னும் வேட்பாளர் நிலையில்தான் இருக்கிறது. கணிக்கப்பட்ட தொலைவு சுமார் 2 வானியல் அலகு. மோல்டன் சீயிடம் கேட்ட கேள்வியை இதனிடம் கேட்டால், குறைந்தது அந்தத் தடையை இது தாண்டிவிடுகிறது.