கொழும்பில் முதியோர் பராமரிப்பு: வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

இலங்கைச் சட்டத்தின்படி 60 வயதை அடைந்தவர் முதியோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நாட்டின் சனத்தொகையில் 7.9 வீதம்; 2024 மதிப்பீட்டில் 12.6 வீதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த இந்த மாற்றத்துடன் கொழும்புத் தமிழரிடையே போரும் புலப்பெயர்வும் சேர்ந்துகொண்டன. வெள்ளவத்தையில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் தொடர்மாடி வீட்டில் தனித்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் மகன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான்; அவனுடைய சம்பளம் அவன் குடும்பத்துக்கே மாதக் கடைசி வரை வருவதில்லை. முன்னதில் ஆளுக்குத் தட்டுப்பாடு, பின்னதில் பணத்துக்கு. கொழும்பில் முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சொல்லும் ஆலோசனை ஒருவருக்கும் உதவாது.

இரண்டு வட்டாரங்கள்

கொழும்பு 6 ஆன வெள்ளவத்தை, காலி வீதியின் இருபுறமும் கடற்கரை வரை நீளும் ஒழுங்கைகளால் ஆனது. 1983 ஜூலை வன்செயலில் இங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1995இல் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் வடக்கிலிருந்து வந்தவர்கள் இதே ஒழுங்கைகளில் குடியேறினார்கள். பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றில் பல வீடுகள் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் பணத்தில் வாங்கப்பட்டவை. வாங்கும்போதே பெற்றோரின் முதுமைக்காலம் மனதில் இருந்தது. கோயில், மீன்கடை, மருந்துக்கடை, வைத்தியர் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ள இடம் என்பதால் அது நல்ல முடிவாகவே தோன்றியது. முழங்கால் தேய்ந்து படியேற முடியாமற்போகும்போதுதான் நான்காம் மாடியின் பாரம் தெரியவரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, மின்தூக்கியை நம்பியிருந்த முதியவர்களுக்கு வீடே சிறையானது. வயதான பெற்றோருக்காக வீடு பார்ப்பவர்கள் தரைமாடியையோ முதல் மாடியையோ தேடுவதும், குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம் உள்ளதா என்று அளந்து பார்ப்பதும் மிகத் தேவை.

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13, துறைமுகத்தை ஒட்டிய பழைய வட்டாரம். ஒரு பக்கம் புனித லூசியா பேராலயம், மறுபக்கம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பணி செய்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டைக் கடைகளின் சிப்பந்திகள், சிறு வியாபாரிகள், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் ஜம்பட்டா வீதியைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும் தோட்டங்கள் எனப்படும் நெரிசலான குடியிருப்புகளிலும் நெருங்கி வாழ்கின்றன. ஒரே அறையில் மூன்று தலைமுறை என்பது இங்கே புதிதன்று. பாட்டிக்குச் சுகமில்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவருவாள். இந்த அயலுறவு விலைமதிப்பற்றது. ஆனால் படுக்கையில் விழுந்தவரை இரவு முழுவதும் பார்க்க அது போதாது. நகர மீளுருவாக்கத் திட்டத்தின் கீழ் வடகொழும்பின் தோட்டங்களிலிருந்து முகத்துவாரத்தின் முவதொர உயன போன்ற மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட முதியோர் பலர் நிலையான கூரையைப் பெற்றார்கள். வாசற்படியில் உட்கார்ந்து பேசும் அயலை இழந்தார்கள்.

வீட்டில் ஒருவரை அமர்த்துதல்

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் நாடுவது, வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஒரு பெண்ணை. ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மலையகப் பெண்களே வெள்ளவத்தை முதியோரில் ஒரு பெரும் பகுதியினரைத் தூக்கிக் குளிப்பாட்டி உணவூட்டுகிறார்கள். தமிழ் பேசுவார்கள் என்பது பெரிய ஆறுதல். மறதிநோய் வந்தவர் கடைசியில் தன் தாய்மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. இளமையில் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கூட எண்பது வயதில் தண்ணீர் கேட்கத் தமிழ் மட்டுமே அறிந்தவராகலாம். அப்போது மொழி தெரியாத பராமரிப்பாளரால் எவ்வளவு அன்பிருந்தும் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தப் பெண்களின் நிலையைப் பேசாமல் இவர்களுடைய சேவையை மட்டும் எழுதுவது நியாயமாகாது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்புறுதி செய்யவில்லை. வார ஓய்வு, இரவுத் தூக்கம், சேமலாப நிதி ஆகிய எதுவும் பெரும்பாலான வீடுகளில் எழுத்தில் இல்லை. நாள் முழுவதும் ஒருவரே பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் குடும்பம் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆளை இழந்துகொண்டே இருக்கும். இரவில் நான்கு முறை எழும்ப வேண்டிய நோயாளிக்குப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று வைப்பதே இருவருக்கும் பாதுகாப்பு. சம்பளம், விடுமுறை, உணவு, ஊருக்குப் போகும் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால் பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி குறையும்.

முகவர் நிலையங்கள் மூலம் பயிற்சி பெற்றவர்களையும் பெறலாம். இவை நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறவிடுகின்றன. அதில் ஒரு பங்கு நிலையத்துக்குப் போகும். அனுப்பப்படுபவர் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்றவரா, படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பத் தெரிந்தவரா, மூக்குவழிக் குழாயில் உணவூட்டப் பழகியவரா, விடுமுறையில் போனால் மாற்றாள் வருவாரா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். 1986இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் ஸ்ரீ லங்கா நிறுவனம் வீட்டுப் பராமரிப்பாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. வெல்லம்பிட்டியில் அது நடத்தும் கண் வைத்தியசாலை வசதி குறைந்த முதியோருக்குப் பெரும் உதவி. பயிற்சி பெற்றவர்கள் உள்ளூரில் தங்குவதுதான் கடினமாக இருக்கிறது. இஸ்ரேலும் ஜப்பானும் இலங்கையுடன் உடன்பாடு செய்து பராமரிப்பாளர்களை அழைத்துக்கொள்கின்றன; அங்கே கிடைக்கும் சம்பளத்துக்கு வெள்ளவத்தையில் எந்தக் குடும்பமும் ஈடுகொடுக்க முடியாது.

செலவும் வருமானமும்

அரச சேவையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர் இறந்தால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் மனைவிக்குத் தொடரும். தனியார் துறையில் உழைத்தவருக்கு 1958இல் உருவான ஊழியர் சேமலாப நிதி மொத்தத் தொகையாகக் கிடைக்கிறது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அந்த வயதில் மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், வீட்டுத் திருத்தம் என்று பணம் கரைந்துவிடுகிறது. பராமரிப்புத் தேவைப்படும் 78 வயதில் கையில் மிஞ்சுவது சொற்பம். கடையிலும் துறைமுகத்திலும் நாட்கூலிக்கு உழைத்தவர்களுக்கு இதுவும் இல்லை.

ஆகவே நடுத்தர வர்க்க முதியோர் வங்கி வட்டியை நம்பி வாழ்கிறார்கள். இது எவ்வளவு ஆட்டங்காணும் என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டின. 60 வயதைக் கடந்தவர்களின் வைப்புக்கு 15 வீத வட்டி வழங்கிய சிறப்புத் திட்டம் 2022இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பின்னர் 20 வீதத்தைத் தாண்டிய நிலையான வைப்பு வட்டி, 2024இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று. 50 இலட்சம் ரூபாயை வைப்பிட்ட ஒருவருக்கு 20 வீதத்தில் மாதம் ஏறக்குறைய 83,000 ரூபாய். 8 வீதத்தில் 33,000 ரூபாய். மருந்தும் பம்பர்சும் பராமரிப்பாளர் சம்பளமும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2025 வரவு செலவுத் திட்டம் முதியோரின் ஓராண்டு வைப்பில் 10 இலட்சம் வரைக்கும் மேலதிகமாக 3 வீத வட்டி அறிவித்தது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் போகாது.

வெளிநாட்டுப் பணம் வருபவர்களின் கணக்கு வேறு. 2022இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது, ரொறன்ரோவிலிருந்து அதே தொகையை அனுப்பிய பிள்ளையின் பெற்றோர் விலையேற்றத்தைத் தாங்கிக்கொண்டனர். ரூபாயில் வாழ்ந்த அயலவர் ஒருநேரச் சாப்பாட்டைக் குறைத்தார்.

வசதியில்லாத 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு மாதாந்த உதவித்தொகை வழங்குகிறது. 2,000 ரூபாயாக இருந்த அது 3,000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்: வெள்ளவத்தையினருக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனையினருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். ஒருவரின் மாதச் செலவுக்குப் போதாத தொகை இது. என்றாலும் பதிவில் பெயர் இருப்பது வேறு உதவிகளுக்கும் வழி திறக்கும்.

இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் தூண் இலவச அரச மருத்துவம். களுபோவில போதனா வைத்தியசாலையிலும் தேசிய வைத்தியசாலையிலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய்க்கான கிளினிக்குகளில் பதிவு செய்து கொப்பியை ஒழுங்காக வைத்திருப்பவர் மாதச் செலவில் பெரும் பகுதியை மிச்சப்படுத்தலாம். காத்திருக்கும் நேரம் நீண்டது. கூட ஒருவர் போக வேண்டும். சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்வார்கள். அப்படியிருந்தும், தனியார் மருத்துவத்தை மட்டும் நம்பிச் சேமிப்பைக் கரைப்பதைவிட இது மேல். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இல்லங்கள்

மருதானை டார்லி வீதியில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபை முதியோர் இல்லம் நடத்துகிறது. 2009இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஜான் ஜுகான் என்னும் பிரெஞ்சுப் பெண் 1839இல் தொடங்கிய சபை இது. மதம் பாராமல், வசதியற்ற முதியோரை ஏற்கிறார்கள்; சகோதரிகள் சந்தைகளிலும் கடைகளிலும் யாசித்துப் பெறுவதைக் கொண்டே இல்லம் நடக்கிறது. நீண்டகாலப் படுக்கை நோயாளிகளுக்காக 1888இல் உருவான விக்டோரியா இல்லம் இராஜகிரியவில் இருக்கிறது. மருதானையிலுள்ள லங்கா அல்சைமர் நிறுவனம் மறதிநோயாளருக்குப் பகல்நேர நிலையம் நடத்துகிறது. சில மணிநேரமாவது பாரத்தை இறக்கிவைக்கும் இப்படியான பகல் நிலையங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒழுங்கைக்கு ஒன்று வேண்டும். வீட்டில் பார்க்கும் மகளோ மருமகளோ உடைந்துபோகாமல் காக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கட்டணம் அறவிடும் இல்லங்கள் தெஹிவளை, கல்கிசை, வத்தளை போன்ற புறநகர்களில் பெருகியுள்ளன. முற்பணம் திருப்பித் தரப்படுமா, இரவில் தாதி இருப்பாரா, மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைக்கப்படுமா, தமிழ் பேசுபவர் உண்டா, நோய் முற்றினால் வெளியேற்றுவார்களா என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். பார்வையாளர் நேரத்தில் ஒருமுறையும் அறிவிக்காமல் ஒருமுறையும் போய்ப் பார்ப்பது நல்லது. சேவை வழங்குவோர் அரசின் முதியோர் செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இல்லத்தில் பெற்றோரை விடக்கூடாது. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் சிலர் கைதடி அரச முதியோர் இல்லத்தையோ, சிவபூமி அறக்கட்டளை நடத்தும் இல்லத்தையோ நாடி ஊர் திரும்புகிறார்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதும் எளிதன்று. கனடா 2011இல் பெற்றோருக்கெனத் தொடங்கிய சுப்பர் விசாவில், 2022 முதல் ஒரு தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் ஒரு இலட்சம் கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி வேண்டும், வயது ஏற அதன் கட்டணமும் ஏறும். பிரித்தானியா 2012இல் விதிகளை இறுக்கியதிலிருந்து வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைப்பது மிக அரிதாகிவிட்டது.

சட்டமும் சொத்தும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையில் முறையிட்டு மாதாந்தப் பணம் கோரலாம். பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் விண்ணப்பத்துக்கு உதவுவார். சபையின் கட்டளை கொட்டாஞ்சேனையில் உள்ள மகனை எட்டும். மெல்பேர்னில் உள்ள மகனை எட்டுவது கடினம். அதைவிடப் பெரிய தடை பெற்றோரின் மனம். பிள்ளைக்கு எதிராக எழுதிக் கொடுக்க எந்தத் தாய்க்கும் கை வருவதில்லை.

வீட்டை உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒதுக்கப்பட்டவர்களின் கதை இரு வட்டாரங்களிலும் கேட்கக்கூடியது. நன்கொடை உறுதி எழுதும்போது தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுமாறு நொத்தாரிசிடம் பெற்றோர் கட்டாயம் சொல்ல வேண்டும்; தாம் வாழும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் வாடகையைப் பெறவும் அது வழி செய்யும். மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையையும் பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தால் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். எண்பது வயதில் வழக்குப் பேச நீதிமன்றப் படியேறுவதைவிட, எழுபதில் உறுதியில் ஒரு வரி சேர்ப்பது செலவும் குறைவு, மனவேதனையும் குறைவு. தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை யாருக்கு, எந்த வேலைக்கு மட்டும் கொடுக்கிறோம் என்பதையும் நினைவு தெளிவாக இருக்கும்போதே வரையறுத்து எழுதிவைக்க வேண்டும். மறதிநோய் முற்றியபின் இடப்படும் கையொப்பம் பின்னர் சகோதரர்களுக்கிடையே வழக்காக எழும். அந்த வழக்கு முடியும்வரை வங்கிப் பணத்தைத் தொட முடியாமல் பராமரிப்பே நின்றுபோகக்கூடும்.