இல்லாதபோது அறியப்பட்ட செல்: பெரிசைட்டின் நூற்றைம்பது ஆண்டுகள்

1628இல் வில்லியம் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவியபோது அவருடைய வாதத்தில் ஓர் இடைவெளி இருந்தது. தமனியின் குருதி எவ்வழியே சிரைக்குள் நுழைகிறது என்பதை அவரால் காட்ட இயலவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அவ்வழியைக் கண்டார். மயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஐரோப்பியர் அதற்குப் பெயரிட்டனர்; நூலைக் குறிக்கும் ‘தந்து’ என்பதன் அடியாகத் தமிழில் அது ‘தந்துகி’ ஆயிற்று.

தந்துகியைத் தழுவி நிற்கும் செல் கவனம் பெற மேலும் இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. 1871இல் எபெர்த்தும், 1873இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் சார்ல் ரூஜேயும் தந்துகிச் சுவரின் வெளிப்புறத்தில் கிளைகளுடைய செல்களை விவரித்தனர். அவை சுருங்கவல்லவை என்று ரூஜே கருதினார். ‘ரூஜே செல்’ என்னும் பெயர் வழக்கில் நிலைபெற்றது. அவருடைய கருத்தோ விவாதத்திற்குள்ளானது. 1923இல் சிம்மர்மான் ‘பெரிசைட்’ என்ற பெயரை முன்வைத்தார். ‘சுற்றி’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டும் ‘செல்’ என்பதற்கான சொல்லும் இணைந்த பெயர் அது. செல் எங்கே இருக்கிறது என்பதை அப்பெயர் சொல்லிற்று; என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அந்த மௌனத்தின் விளைவு நீண்டது. 2014, 2015 ஆண்டுகளில்கூட மூளைத் தந்துகிகளில் பெரிசைட்டுகள் குருதியோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றனவா என்பது பற்றி எதிரெதிரான முடிவுகள் வெளிவந்தன. மென்தசைச் செல் எங்கே முடிகிறது, பெரிசைட் எங்கே தொடங்குகிறது என்னும் வரையறைச் சிக்கலே அச்சர்ச்சையின் ஒரு பகுதி. ஒரே செல்லை ஒரு சாரார் பெரிசைட் என்றும் மறு சாரார் மென்தசை என்றும் அழைத்தால், கண்டவை ஒன்றாக இருப்பினும் முடிவுகள் வேறுபடும்.

செயலைப் பற்றிய தெளிவு வேறொரு வழியில் வந்தது. 1961இல் கோகன், தூசான், குவபாரா ஆகியோர் நீரிழிவு நோயாளிகளின் விழித்திரைக் குழாய்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அவற்றில் பெரிசைட்டுகள் மறைந்து வருவதைக் கண்டனர். 1997இல் பெட்ஷோல்ட்ஸ் குழுவினர் பிடிஜிஎஃப்-பி என்னும் வளர்ச்சிக் காரணி இல்லாத எலிக்கருக்களில் பெரிசைட்டுகள் சேராததையும், தந்துகிகள் ஆங்காங்கே புடைத்து வெடிப்பதையும் காட்டினர். இருந்தபோது கண்டுகொள்ளப்படாத செல், இல்லாதபோது தன் பணியை உணர்த்தியது.

ஆய்வகத்தில் குழாய்களை உருவாக்கும் முயற்சியும் இதே பாடத்தைத்தான் கற்றது. 1973இல் எரிக் ஜாஃபி குழுவினர் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எண்டோதீலியச் செல்களை வளர்த்தனர். 1980இல் ஃபோக்மனும் ஹௌடன்ஷில்டும் வளர்ப்புத் தட்டில் அத்தகைய செல்கள் தாமே குழாய்களாக அமைவதைக் காட்டினர். குழாய் உருவாயிற்று, அதற்குத் துணை இல்லை. 1987இல் ஓர்லிட்ஜும் டி’அமோரும் இரு செல்களையும் ஒன்றாக வளர்த்தபோது, பெரிசைட்டுகளின் அருகில் எண்டோதீலியச் செல்களின் பெருக்கம் தடுக்கப்பட்டது. அத்தடையே முதிர்ந்த குழாயின் அமைதிக்கு ஒரு காரணம் என்னும் புரிதல் அங்கிருந்து வளர்ந்தது.

2019இல் வியன்னாவில் பென்னிங்கர் குழுவினர் மனிதக் குருத்தணுக்களிலிருந்து இரத்தக்குழாய் ஆர்கனாய்டுகளை உருவாக்கினர். எண்டோதீலியச் செல்களும் பெரிசைட்டுகளும் அவற்றில் ஒருங்கே தோன்றி, அடித்தளச் சவ்வு சூழ்ந்த வலைப்பின்னலாயின. மிகுந்த குளுக்கோஸும் அழற்சிக் காரணிகளும் கலந்த ஊடகத்தில் அச்சவ்வு தடித்தது. நீரிழிவு நோயாளிகளின் நுண்குழாய்களில் காணப்படும் மாற்றமும் அதுவே. டிஎல்எல்4, நாட்ச்3 ஆகியவற்றின் சமிக்ஞைப் பாதை அதில் பங்கு கொள்வதும் அம்மாதிரியின் வழியே தெரியவந்தது.

இம்மாதிரிகளுக்கு எல்லைகள் உண்டு. தட்டில் வளரும் ஆர்கனாய்டுக்குள் இதயம் செலுத்தும் குருதி பாய்வதில்லை. பல்லாண்டுகளில் நிகழும் சிதைவைச் சில வாரங்களில் தூண்டிப் பார்க்கும் சுருக்கமே அது. ஆயினும் 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டுள்ள நிலையில், அவர்களுடைய விழித்திரையில் முதலில் மறைபவற்றுள் ஒன்றான இச்செல்லை, அது மறைவதற்கு முன்பே மனிதச் செல்களில் ஆராய முடிவது சிறிய பேறன்று. ரூஜே அதை வரைந்து காட்டினார். சிம்மர்மான் இருப்பிடத்தால் பெயரிட்டார். அதன் பணியை முழுமையாக எழுதும் வேலை இன்னும் முடியவில்லை.