தானியங்கித் துணையிசையின் ஆசிரியர் யார்? – காசியோ எம்டி-40 விசைப்பலகையை முன்வைத்து

முன்னுரை

மின்னணு விசைப்பலகையில் இடக்கை ஒரு விசையை அழுத்தியதும் சுரக்கூட்டும் (கார்டு) அடிச்சுரமும் தாளமும் ஒருங்கே ஒலிக்கும் அமைப்பு தானியங்கித் துணையிசை எனப்படும். இதில் ஒலிப்பது இயந்திரத்தின் இசையே என்னும் பொதுக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொத்தானிலிருந்து விசைக்கு

ஒரே விரலால் சுரக்கூட்டை எழுப்பும் முறை மின்னணுவியலுக்கு முந்தியது. அக்கார்டியனின் இடப்பக்கப் பொத்தான்களில் அது முன்பே வழங்கியது. 1950இல் ஹாமண்ட் நிறுவனம் வெளியிட்ட கார்டு ஆர்கனில் 96 சுரக்கூட்டுப் பொத்தான்கள் இருந்தன. பிற்கால விசைப்பலகைகளில் இப்பணி இடக்கை விசைகளுக்கே மாறியது. காசியோ முறையில் ஒரு விசை மேஜர் சுரக்கூட்டைத் தரும். அதற்கு வலப்புறமுள்ள மற்றொரு விசையும் சேர்ந்தால் மைனர் ஒலிக்கும். யமஹாவின் ஒருவிரல் முறையிலோ, மைனருக்கு இடப்புறக் கறுப்பு விசையையும் செவன்த்துக்கு இடப்புற வெள்ளை விசையையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும். எந்தச் சுரக்கூட்டு எப்போது வரவேண்டும் என்பதை வாசிப்பவர் முடிவு செய்கிறார். அது எந்நடையில் ஒலிக்கவேண்டும் என்பதை மற்றொருவர் முன்னரே அமைத்து வைத்துள்ளார்.

எம்டி-40 தரும் சான்று

அம்மற்றொருவரை அடையாளங்காண 1981இல் வெளிவந்த காசியோ எம்டி-40 உதவுகிறது. அதிலுள்ள 'ராக்' அடிச்சுர வரிசையை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. ரெகே இசை குறித்து ஆய்வேடு எழுதிய இவர், 1980இல் காசியோவில் பணியில் சேர்ந்தார். ஜமைக்காவின் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் நோயல் டேவியும் இவ்வரிசையைத் தம் பாடலுக்கு அடித்தளமாக்கினர். தயாரிப்பாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். 1985இல் வெளிவந்த 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்னும் அப்பாடல், ஜமைக்க நடன இசையை மின்னணு ஒலியின்பால் திருப்பியது. அதே வரிசையின்மீது நூற்றுக்கணக்கான பாடல்கள் பதிவாயின. ஆயினும் ஒகுடாவின் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. பெருமை முழுவதும் கருவியின் பெயருக்கே சென்றது.

முடிவுரை

தானியங்கித் துணையிசையில் அமைத்தவர், வாசித்தவர், மாற்றிப் பயன்படுத்தியவர் என மூவரின் உழைப்பு உள்ளது. 'இயந்திர இசை' என்னும் சொல் இம்மூவரையும் மறைக்கிறது. அவருள்ளும் அமைத்தவரையே மிகுதியும் மறைக்கிறது. கருவியின் வரலாற்றை எழுதுவோர் உற்பத்தி ஆண்டையும் விற்பனைப் பெயரையும் பதிவதோடு நில்லாமல், அதனுள் இசையமைத்தவரின் பெயரையும் தேடிப் பதிதல் வேண்டும்.