மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படமும்

வைரஸ் நியுமோனியாவையும் இதயச் செயலிழப்பையும் பிரித்தறிவது மருத்துவத்தின் பழைய சிக்கல்களில் ஒன்று. இரண்டிலும் மூச்சு வாங்கும். நுரையீரலில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் சேரும். ஆனால் காரணம் வேறு. நியுமோனியாவில் அழற்சியால் நுண்குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. இதயம் தளர்ந்தால் அதன் இடப்பக்கத்தில் அழுத்தம் ஏறி, இரத்தத்தின் நீர்ப்பகுதி நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து பின்னதற்கு உயிர் காக்கும். முன்னதற்கு அது மருந்தல்ல.

நெடுங்காலம் இரண்டையும் பிரித்தறிய விரலும் காதும்தான் துணை. நெஞ்சைத் தட்டி ஒலி கேட்கும் முறையை 1761இல் வியன்னாவில் ஆவன்புருகர் வெளியிட்டார். 1816இல் பிரான்சின் லென்னக் இதயத்துடிப்பு மானியைக் கண்டுபிடித்தார். இரு நோயிலும் பொருபொருவென்ற ஒலி கேட்பதால் ஐயம் தீரவில்லை.

1895இல் ரோண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின் நீர் கண்ணுக்குத் தெரிந்தது. மார்பின் அகலத்தில் பாதியை மிஞ்சிய இதயம் பெரிதானது என்ற அளவை 1919இல் டான்சர் முன்வைத்தார். நுரையீரலின் ஓரத்தில் தோன்றும் மெல்லிய கிடைக்கோடுகளை 1933இல் அயர்லாந்துக்காரரான கெர்லி விவரித்தார். நுரையீரலின் சிறுமடல்களுக்கு இடையிலான தடுப்புகள் நீரால் தடித்ததன் அடையாளம் அவை. அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது.

படத்திலும் ஏமாற்றம் உண்டு. நிற்கும் நோயாளியின் முதுகுப்புறமிருந்து, மூச்சை நன்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுப்பதே முறை. எழ முடியாதவருக்குக் கட்டிலிலேயே முன்புறமிருந்து எடுக்க நேரும். அப்போது இதயம் படத்தகட்டிலிருந்து விலகி நிற்பதால், அதன் நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழும்.

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் உடலைத் துண்டுதுண்டாகக் காட்டியது. அதன் பயன் 2020இல் கொரோனாவுடன் பெரிதாகத் தெரிந்தது. பெப்ரவரியில் சீனாவின் ஹூபெய் மாகாணம் ஸ்கேனில் நியுமோனியா தெரிந்தவர்களையும் சில நாட்கள் நோயாளிகளின் கணக்கில் சேர்த்தது. மங்கல் கண்ணாடி போன்ற வெண்மை இரு நோயிலும் உண்டு. அது எங்கே கிடக்கிறது என்பதே குறிப்பு. வைரஸ் நோயில் அது பெரும்பாலும் வெளி ஓரத்திலும் கீழ்ப்பின்புறத்திலும் திட்டுத்திட்டாகப் படியும். இதய நோயில் நடுவை ஒட்டி இருபுறமும் பரவும், தடுப்புகள் தடிக்கும், நாளங்கள் புடைக்கும், நெஞ்சறையில் நீர் தேங்கும். சிகிச்சைக்குப் பிறகு இதய நோயின் வெண்மை ஓரிரு நாளில் கலைவதும் உண்டு; வைரஸின் வடு வாரக்கணக்கில் நிற்கும்.

அளவுக்கு மீறிய ஸ்கேனும் கேடே. லேசான தொற்றுக்கு சி.டி. வேண்டாமென 2021 மே மாதத்தில் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா எச்சரித்தார். கதிர்வீச்சில்லாத வழியாக அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. நீர் கோர்த்த நுரையீரலில் செங்குத்தான ஒளிக்கோடுகள் தெரிவதை 1997இல் பிரான்சின் லிக்டென்ஸ்டைன் குழு விளக்கியது. இதய நோயில் அவை இருபுறமும் சீராக வரும். வைரஸ் நோயில் இடைவெளி விட்டு வரும், நுரையீரல் உறையின் கோடும் கரடுமுரடாகும். கட்டிலருகே கொண்டுபோகக்கூடிய கருவி என்பதால், பெரிய சிகிச்சைக்கு இலங்கையின் திருகோணமலை நகருக்குப் போகவேண்டிய சல்லி போன்ற கரையோரக் கிராமங்களுக்கு இது பொருந்தும்.

கொரோனா இதயத் தசையையும் தாக்குவதால் இரு நோயும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். ஆகவே படத்தோடு ஈ.சி.ஜி., எக்கோ, இதய அழுத்தத்தைக் காட்டும் பி.என்.பி. இரத்தச் சோதனை, வைரஸுக்கான பி.சி.ஆர். ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுப்பது இன்றைய வழக்கம்.