போக்கிமோனில் அபூர்வ நிறம்: அதிர்ஷ்டமா, கணக்கா?

உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய கேம்பாயைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கைப்பேசி டைமரையே முறைத்துப் பார்க்கிறானா? டைமர் சரியாக ஓரிடத்துக்கு வந்ததும் ‘ஏ’ பட்டனைத் தட்டுகிறான். நினைத்தது நடக்கவில்லை என்றால் மெஷினை அணைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம் போல் இருக்கும். ஆனால் அவன் கணக்குப் போட்டு விளையாடுகிறான். இதை ‘ஆர்.என்.ஜி. மேனிபுலேஷன்’ என்கிறார்கள். விளையாட்டு ‘குலுக்கிப் போடும்’ எண்ணை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வேண்டிய எண் வரும் நொடியில் பட்டனை அழுத்துவதுதான் இது.

பீடோங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில், எங்கள் லயத்துக்கே ஒரே ஒரு கேம்பாய். நாலு பேர் முறை வைத்து விளையாடுவோம். பந்து ஆடும்போது ‘ஏ’, ‘பி’ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிடிபடும் என்று சத்தியம் செய்வோம். அதில் துளி உண்மையும் இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உண்மையில் வேலை செய்த விஷயம் வேறு. அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் எப்படிக் குலுக்குகிறது?

கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியாது, பெருக்கவும் கூட்டவும்தான் தெரியும். ஒரு பேப்பரில் நீங்களே செய்து பாருங்கள். 0-வில் தொடங்குங்கள். 21-ஆல் பெருக்கி, 7-ஐக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 07, 54, 41, 68, 35, 42 என்று வரும். தாறுமாறாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 0-வில் தொடங்கும் யாருக்கும், கூலிமில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும், இதே வரிசைதான் வரும். 100 படி போனால் மறுபடி 0.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி இலக்கங்களை மட்டும் எடுத்தால் 7, 4, 1, 8, 5, 2. ஒவ்வொரு படியிலும் 7 கூடிக்கொண்டே போகிறது, குட்டு வெளிப்பட்டுவிட்டது. முன் இலக்கத்தில் அப்படி ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை. அதனால்தான் கேம்பாய் அட்வான்ஸில் வந்த போக்கிமோன் விளையாட்டுகள் எண்ணின் மேல் பாதியை மட்டும் பயன்படுத்துகின்றன. அவற்றில் பெருக்கும் எண் 1,103,515,245, கூட்டும் எண் 24,691. மொத்தம் 4,294,967,296 எண்கள், எல்லாம் ஒரே வரிசையில். விநாடிக்கு ஏறக்குறைய 60 படி நகர்ந்தால், ஒரு சுற்று முடிய 832 நாள் ஆகும்.

அந்த வரிசையில் எங்கே தொடங்குவது என்று சொல்லும் எண்ணுக்குத்தான் ‘சீட்’, அதாவது விதை என்று பெயர். தோட்டத்து ஆட்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் இடிக்கும். ரப்பர் கொட்டையைப் போட்டால் வரும் மரம் தாய் மரம் மாதிரியே பால் தரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 கன்றோ, எங்கே நட்டாலும் அதே ரகம்தான். கம்ப்யூட்டர் ‘விதை’ அந்த ஒட்டுக்கன்று மாதிரி. ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே பலன்தான்.

எமரால்டின் ஓட்டை

2004-இல் ஜப்பானில் வெளியான ‘எமரால்டு’ விளையாட்டில், மெஷினைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விதை 0-தான். உலகத்தில் உள்ள எல்லா எமரால்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன! அதற்கு முந்திய ரூபி, சஃபையர் கேசட்டுகளில் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போனால் விதை எப்போதும் 1440. பசார் மாலாமில் பேட்டரி போன ரூபி மலிவாகக் கிடைத்தால், இந்தக் கணக்குக்கு அது குறையே இல்லை, வசதிதான்.

எமரால்டு அட்டையில் இருக்கும் ரேகுவாசாவை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக அது பச்சை. ‘ஷைனி’ என்ற அபூர்வ வகை கறுப்பு. நீங்கள் பட்டனை அழுத்தும் நொடியில், வரிசையிலிருந்து அடுத்தடுத்து நான்கு எண்கள் எடுக்கப்படுகின்றன. முதல் இரண்டு அதன் அடையாள எண்ணாகின்றன, குணமும் நிறமும் அதிலிருந்து வருகின்றன. அடுத்த இரண்டில்தான் அதன் பலம், வேகம் எல்லாம். அடையாள எண்ணை ஆட்டக்காரரின் எண்ணோடும், திரையில் காட்டாத இன்னொரு ரகசிய எண்ணோடும் விளையாட்டு ஒப்பிடும். 65,536 விடைகளில் 8 மட்டுமே ஷைனி. ஆக 8,192-க்கு ஒன்று.

இப்போது யோசியுங்கள். விநாடிக்கு 60 எண் ஓடுகிறது என்றால், சராசரியாக 2 நிமிடம் 17 விநாடிக்கு ஒரு முறை கறுப்பு ரேகுவாசா உங்களைக் கடந்து போகிறது. அந்த அறுபதில் ஒரு விநாடியில் நீங்கள் பட்டனை அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

முதலில் ரகசிய எண் தெரிய வேண்டும். ஏற்கனவே ஒரு ஷைனி கையில் இருந்தால் அதன் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, ரகசிய எண்ணை எட்டு வாய்ப்பாகச் சுருக்கிவிடலாம். பிறகு ‘போக்கி ஃபைண்டர்’ போன்ற இலவச மென்பொருள், எத்தனையாவது எண்ணில் ஷைனி வரும் என்று பட்டியல் தரும். 10,000-ஆவது எண் என்றால் மெஷினைத் திறந்து 2 நிமிடம் 47 விநாடி.

கஷ்டம் இனிமேல்தான். விரல் அவ்வளவு துல்லியமாக வேலை செய்யாது. அதனால் முதல் முறை கிடைத்ததைப் பிடித்து, குணத்தையும் பலத்தையும் பட்டியலில் தேடிப் பார்க்கிறார்கள். 14 படி தாமதம் என்று தெரிந்தால், அடுத்த முறை டைமரில் அவ்வளவு குறைக்கிறார்கள். இருபது, முப்பது முயற்சி சர்வ சாதாரணம். கிட்டத்தட்ட அறிவியல் பாடத்துச் சோதனை மாதிரிதான். என்ன, இதற்கு மட்டும் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

2006-இல் வந்த டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் விதையைக் கடிகாரத்திலிருந்து எடுத்தார்கள். மாதத்தையும் தேதியையும் பெருக்கி, நிமிடத்தையும் விநாடியையும் கூட்டுவார்கள். ஆகஸ்ட் 31, இரவு 8 மணி 5 நிமிடம் 2 விநாடி என்றால் 248 + 5 + 2 = 255. இதோடு மணியும் ஆண்டும், மெஷின் திறந்ததிலிருந்து ஓடிய நேரமும் சேரும். ஆனால் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது ஆட்டக்காரர்தானே! இதே தவறைப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். 1995-இல் நெட்ஸ்கேப் பிரவுசர், இணையப் பாதுகாப்புக்கான எண்ணை நேரத்தை வைத்து உருவாக்கியதால், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் அதை உடைத்துக் காட்டினார்கள்.

இது ஏமாற்று வேலையா?

என் பார்வையில் இல்லை. விளையாட்டின் தரவை யாரும் தொடவில்லை, விளையாட்டே கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். தரவையே திருத்தி உருவாக்குவது வேறு கதை. 2023-இல் யோக்கஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், திருத்திய போக்கிமோனைக் கொண்டுவந்த ஆட்டக்காரர்கள் சிலர் நீக்கப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் ஜப்பானின் கோச்சி போலீசார், அப்படித் திருத்தி விற்ற ஒருவரைக் கைது செய்தார்கள். ஆகவே பிள்ளை காசு கொடுத்து ஷைனி வாங்குகிறான் என்றால், அதை மட்டும் விசாரியுங்கள்.

“அப்படியென்றால் நாலு நம்பரையும் கணிக்கலாமா?”

இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் சுங்கை பட்டாணியில் என் சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஸ்லாட் மெஷினில் நடந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கேசினோவில், ஒரு ரஷ்யர் பழைய மெஷின் சுழல்வதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப, ரஷ்யாவிலிருந்த கூட்டாளிகள் கணக்குப் போட்டு, எப்போது அழுத்த வேண்டும் என்று கைப்பேசியை அதிர வைத்தார்கள். அந்த மெஷினுக்குள் இருந்ததும் இதே மாதிரி வரிசைதான்.

நாலு நம்பர் வேறு. அங்கே பந்துகளைச் சுழற்றி எடுக்கிறார்கள். பந்துக்கு விதை கிடையாது, போன வாரம் எது விழுந்தது என்ற ஞாபகமும் கிடையாது. 0000 முதல் 9999 வரை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வாய்ப்புதான். நம்பர் கடைகளின் உரிமம் இனிப் புதுப்பிக்கப்படாது என்று கெடா மாநில அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. கடையை மூடலாம், ஆசையை மூட முடியுமா? “கம்ப்யூட்டர் அல்காரிதம், நிச்சய நம்பர்” என்று யாராவது வாட்ஸ்அப்பில் காசு கேட்டால், எந்த விதை, எந்த வரிசை என்று கேட்டுப் பாருங்கள். எமரால்டு விளையாடும் பதிமூன்று வயதுப் பையன் அதற்குப் பதில் சொல்வான். அவர் சொல்ல மாட்டார்.